மிதவைகளுக்கு இடையே



புனே என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவன மலைக்கோட்டைகளும், பேஷ்வாக்களின் சனிவார் வாடாவும், கல்லூரிகளும், கிர்க்கியில் உள்ள படைப்பிரிவுகளுமே ஆகும். அதனை நீர் விளையாட்டுக்கு உரிய ஊர் என்று எவரும் எளிதில் எண்ணுவதில்லை. அங்கே கடல் இல்லை. ஆயினும் நகரின் ஊடே முட்டா நதி ஓடுகிறது. முளா நதி வந்து அதனோடு கூடுகிறது. மேற்கே மலைகளின் மடியில் கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ் முதலிய நீர்த்தேக்கங்கள் விரிந்து கிடக்கின்றன.

இந்நகருக்கும் நீருக்கும் உள்ள உறவு என்றும் இனிதாக இருந்ததில்லை. 1961ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள், கட்டுமானம் முற்றுப்பெறாதிருந்த பான்ஷேத் அணை உடைந்தது. அவ்வெள்ளத்தின் விசை தாங்காது, கீழே இருந்த பழைய கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. ஆற்றங்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கின. அந்நாளைக் கண்டவர்களின் உள்ளத்தில் நீர் என்பது அஞ்சத்தக்க பொருளாகவே பதிந்துவிட்டது எனின் அதில் வியப்பில்லை. அதே நகரத்தில்தான், நீரைக் கண்டு அஞ்சிய ஓர் இளைஞர் அந்நீரின்மேல் அமர்ந்து உலக அரங்கு வரை சென்றார். அவரைப் பற்றியும், அவர் கற்ற கலையைப் பற்றியும் இன்று சிறிது பேச விழைகின்றேன்.

அக்கலை துடுப்புப் படகோட்டம். நம் நாட்டில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னையில் அடையாற்றங்கரையில் உள்ள படகுக் கழகம் 1867இல் தோன்றியது. புனேயின் கன்னாட் படகுக் கழகம் 1868இல் தோன்றியது. சென்னையாரும் கொழும்பினரும் 1898 முதல் தமக்குள் பந்தயம் நடத்தி வந்தனர். தொடக்கத்தில் இவை ஆங்கிலேயர் பொழுதுபோக்குக்காக அமைத்துக்கொண்டவை. பின்னர் நம் மாணவர் கைக்குத் துடுப்பு வந்தது. முளாவும் முட்டாவும் கூடும் சங்கமத்தருகே அமைந்த புனே பொறியியற் கல்லூரியில் 1928ஆம் ஆண்டு மாணவர் படகுக் கழகம் உருவாயிற்று. அக்கல்லூரியின் ரெகட்டா விழாவில் மாணவர்கள் மாலை வெயிலில் படகுகளை அணிவகுத்துக் கோலம் காட்டுவதையும், இருள் சூழ்ந்தபின் தீப்பந்தங்களை ஏந்தி ஆடுவதையும் காணப் பெருங்கூட்டம் கூடும். இராணுவமும் இத்துறையில் இறங்கி, தாபோடியில் உள்ள இராணுவப் பொறியியற் கல்லூரி வளாகத்தில் நெடிய பந்தயக் கால்வாய் ஒன்றை அமைத்து, வீரர்களைப் பயிற்றி வருகிறது.

நீர் விளையாட்டுகளுள் மிதவைகளை இலக்காகக் கொண்டவை பல. அவற்றுள் ஒன்று நீர்ச்சறுக்கு. விசைப்படகின் பின்னே கயிற்றைப் பற்றிக்கொண்டு, ஒற்றைப் பலகைமேல் நின்று, இருபுறமும் மாறி மாறி அமைந்த 6 மிதவைகளைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டும். பாதையின் நீளம் 259 மீட்டர். படகின் வேகம் படிப்படியாகக் கூட்டப்பட்டு, ஆடவருக்கு மணிக்கு 58 கிலோமீட்டர் வரையிலும் பெண்டிருக்கு 55 கிலோமீட்டர் வரையிலும் செல்லும். அதன்பின் வேகத்தைக் கூட்டுவதில்லை, கயிற்றைக் குறைப்பார்கள். 18.25 மீட்டர் நீளக் கயிறு குறைந்து குறைந்து 11.25 மீட்டருக்கு வந்துவிடும். மிதவையோ நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தொலைவில் இருக்கிறது! கயிற்றின் நீளம் போதாத அந்த இடத்தில், தன் உடலையே நீட்டி, சாய்ந்து, மிதவையைச் சுற்றிவர வேண்டும். கருவி முடியும் இடத்தில் மனிதனின் திறமை தொடங்குகிறது.

துடுப்புப் படகோட்டத்தில் நிலைமை வேறு. இங்கே படகு மனிதனை இழுப்பதில்லை. மனிதனே படகைச் செலுத்துகிறான். மிதவைகளைச் சுற்றிச் செல்வதும் இல்லை. மிதவைகளுக்கு இடையே நேராகச் செல்ல வேண்டும். பந்தயத் தொலைவு 2000 மீட்டர். ஒவ்வொரு படகுக்கும் ஒரு தடம். அதன் அகலம் 13.5 மீட்டர். இருபுறமும் மிதவைகள் வரிசையாக மிதந்துகொண்டிருக்கும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றுகிறது அல்லவா? நேராகச் செல்வதில் என்ன அருமை என்று வினவத் தோன்றும்.

ஒருவர் மட்டும் செலுத்தும் பந்தயப் படகை நோக்குவோம். அதன் நீளம் ஏறத்தாழ 8 மீட்டர். அகலமோ ஒரு முழத்திற்கும் குறைவு. அதன் எடை 14 கிலோவுக்குக் குறையலாகாது என்று விதி செய்ய வேண்டிய அளவுக்கு அது இலேசானது. நம் ஊர்ப் பரிசலும் ஓடமும் ஏறுபவரைத் தாங்கும். இப்படகோ, ஏறுபவர் தம்மைத் தாமே தாங்கினாலன்றித் தாங்காது. இருபுறமும் நீண்டு நீர்மேல் படிந்திருக்கும் இரு துடுப்புகளே அதற்கு நிலைபேறு. ஒரு துடுப்பைக் கைவிட்டால் படகு கவிழும். எனவே முதற்பாடம் வலிப்பதன்று. அசையாமல் அமர்ந்திருப்பதே முதற்பாடம்.

இரண்டாவது பாடம், வலிமை எங்கிருந்து வருகிறது என்பதை அறிதல். துடுப்பைக் கையால் பற்றுவதால் இது கைக்குரிய வேலை என்றே புதியவர் எண்ணுவர். உண்மை அதுவன்று. இருக்கை சிறு உருளைகளின்மேல் முன்னும் பின்னும் நகரும். பாதங்கள் ஒரு பலகையில் பிணிக்கப்பட்டிருக்கும். துடுப்பின் அலகு நீரைப் பற்றியவுடன் முதலில் கால்கள் உந்த வேண்டும். அடுத்து முதுகு சாய வேண்டும். கைகள் மடங்குவது இறுதியில்தான். பின்னர் அலகை நீரினின்று எடுத்துக் கிடையாகத் திருப்பி, முதலில் கைகளை நீட்டி, பிறகு உடலை வளைத்து, மெல்ல முன்னோக்கி நகர வேண்டும். மெல்ல என்பதைக் கருத்தில் கொள்க. படகு தானே ஓடும் நேரம் அது. அப்போது அவசரப்பட்டு முன்னே பாய்ந்தால், உடலின் எடை படகின் ஓட்டத்தைத் தடுத்துவிடும். உழைப்பதற்கு ஒரு வேகம், ஓய்வதற்கு வேறொரு வேகம் என்னும் இந்த ஒழுங்கு கைவரப் பல மாதங்கள் செல்லும். அலகு சிறிது கோணலாக நீரில் புகுந்தால், நீர் அதனைப் பற்றி இழுத்துக்கொள்ளும். கைப்பிடி வயிற்றில் மோதும். சில வேளைகளில் ஆளையே நீரில் எறிந்துவிடும்.

மூன்றாவது பாடம் திசை. படகோட்டி தாம் செல்லும் இடத்தைப் பார்ப்பதில்லை. தாம் விட்டுவந்த இடத்தையே பார்த்த வண்ணம் அமர்ந்திருக்கிறார். ஒற்றையாள் படகுக்குச் சுக்கானும் இல்லை. பின்னே கரையில் ஒரு மரத்தையோ கட்டடத்தையோ குறியாகக் கொண்டு, இருபுறமும் பின்வாங்கிச் செல்லும் மிதவைகளைக் கடைக்கண்ணால் அளந்து, இரு கைகளின் விசையையும் சமப்படுத்திக்கொண்டே செல்ல வேண்டும். ஒரு கை சற்று ஓங்கினால் படகு மறுபுறம் ஒதுங்கும். துடுப்பு மிதவையில் தட்டும். அந்த ஓசையே ஆசிரியரின் கண்டிப்பு. ஒரு பந்தயத்தில் இருநூறு முறைக்கு மேல் துடுப்பு வலிக்க வேண்டும். அத்தனை முறையும் இரு கைகளும் ஒத்துழைத்தாலன்றி நேர்கோடு அமையாது.

இத்தகைய கலையைக் கற்க, சிறு வயது முதல் ஆற்றங்கரையில் வாழ்ந்தவரே தகுதியுடையவர் என்று நாம் எண்ணுவோம். தத்து பாபன் போகனல் என்பவரின் வாழ்வு அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது. அவர் 1991இல் நாசிக் மாவட்டத்துச் சாந்த்வட் வட்டாரத்தில் தலேகாவ் ரோஹி என்னும் சிற்றூரில் பிறந்தார். அது வறட்சிக்கு ஆளான பகுதி. அவருடைய தந்தையார் கிணறு வெட்டும் தொழிலாளி. மகனும் அவரோடு சேர்ந்து உழைத்தார். நீரைத் தேடி மண்ணைத் தோண்டுவதே அக்குடும்பத்தின் பிழைப்பு. 2011இல் தந்தையார் மறைந்தார். குடும்பப் பொறுப்பு மூத்த மகன்மேல் விழுந்தது. 2012இல் அவர் இராணுவத்தில் சேர்ந்து, கிர்க்கியில் உள்ள பம்பாய்ப் பொறியியற் படைப்பிரிவுக்கு வந்தார். நெடிய உடலும் நீண்ட கைகளும் கண்ட பயிற்சியாளர் அவரைப் படகில் ஏற்றினார். அதற்கு முன் பெருநீரைக் கண்டறியாத அவருக்கு முதலில் அச்சமே மேலிட்டது.

நான்கே ஆண்டுகளில் நேர்ந்ததை நோக்குங்கள். 2015இல் ஆசியப் போட்டியில் வெள்ளிப் பதக்கம். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் சென்ற ஒரே படகோட்டி அவர். தாயார் விபத்தொன்றில் அடிபட்டு நோய்ப்படுக்கையில் இருந்த காலம் அது. அக்கவலையைச் சுமந்துகொண்டே 2000 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் கடந்து, 13ஆம் இடத்தைப் பெற்றார்.

அவர் வாழ்வில் இன்னும் கருதத்தக்க நாட்கள் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வந்தன. ஆசிய விளையாட்டின் படகோட்டம் இந்தோனேசியாவின் பலெம்பாங் நகரில் நடைபெற்றது. ஒற்றையாள் இறுதிப் பந்தயத்தில் உடல் தளர்ந்து, அவர் கடைசியாக வந்தார். மறுநாள் நால்வர் பந்தயம். ஸவர்ன் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகிய மூவரோடு அவர் மீண்டும் படகில் அமர்ந்தார். அந்நால்வரும் தங்கப் பதக்கம் வென்றனர். 2010இல் பஜ்ரங் லால் தாக்கர் பெற்ற தங்கத்திற்குப் பின் ஆசிய விளையாட்டில் இந்தியப் படகோட்டத்திற்குக் கிடைத்த தங்கம் அதுவே. நேற்றைய தோல்வியை நேற்றோடு விட்டுவிட்டு, மற்ற மூவருடைய மூச்சோடு தம் மூச்சை இணைத்துக்கொள்ள அவரால் இயன்றது. பயிற்சியின் பயன் பதக்கம் மட்டுமன்று, இந்த மனநிலையுமே ஆகும். அவ்வழியில் வந்த அர்ஜுன் லால் ஜாட், அரவிந்த் சிங் ஆகிய இருவரும் 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் 11ஆம் இடம் பெற்றனர்.

நேயர்களே! இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வறண்ட சிற்றூரில் பிறந்தவருக்கு நீர் கிடைத்தது; தூய்மையான கால்வாயும் நல்ல ஆசிரியரும் கிடைத்தனர். ஆற்றின் கரையிலேயே வாழும் நகரத்துச் சிறுவர்க்கு அவை கிடைக்கின்றனவா? நகரின் கழிவுநீர் ஆற்றில் கலக்கிறது. ஆகாயத்தாமரை படர்ந்து படகு செல்லும் வழியை அடைக்கிறது. 1928 முதல் துடுப்பு வலித்து வந்த மாணவர்களுக்கே ஆறு எட்டாப் பொருளாகிவிடுமோ என்னும் அச்சம் எழுகிறது. இராணுவக் கால்வாய் வீரர்களை உருவாக்கும். ஊர்ப் பிள்ளைகளை நீரோடு உறவாக்குவது ஊர் ஆறு ஒன்றுதான்.

வெளி மாநிலத்தில் வாழும் நாம் காவிரியையும் பொருநையையும் நினைத்து ஏங்குகிறோம். விடுமுறையில் சென்று அவற்றில் நீராடி மகிழ்கிறோம். நன்று. ஆனால் நம் பிள்ளைகள் வளர்வது முட்டா நதிக்கரையில். நாளும் பாலத்தின்மேல் சென்று வரும் நாம், இது பிறர் ஊர் ஆறு என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போதல் தகாது. யாருடைய நீரைக் குடித்து வாழ்கிறோமோ அந்த ஆறு நம்முடைய ஆறே.

ஆகவே முதற்கண், பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பியுங்கள். தக்க துணையும் மிதவைச் சட்டையும் இன்றி நீர்த்தேக்கங்களில் இறங்க விடாதீர்கள். அடுத்து, கல்லூரி மாணவர்களின் படகு விழா நடைபெறும்போது அவர்களை அழைத்துச் சென்று காட்டுங்கள். ஆற்றைத் தூய்மை செய்ய ஊரார் கூடும்போது, நம் தமிழ்ச் சங்கத்தாரும் நான்கு பேராவது சென்று நில்லுங்கள். நீரைக் கண்டு அஞ்சாத பிள்ளையும், அஞ்சாது இறங்கத்தக்க நீரும் ஒருங்கே அமைய வேண்டும். ஒன்று நம் வீட்டில் தொடங்குகிறது. மற்றொன்று நம் தெருக்கோடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.