ஜெனீவாவில் ஒரு திரைப்பட விழா
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



திரைப்படம் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் என்று இக்கழகத்தின் மேடையிலேயே ஒரு காலத்தில் நாங்கள் கடிந்துரைத்ததுண்டு. இன்று அதே மேடையில் ஒரு திரைப்பட விழாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரில் 2003ஆம் ஆண்டு முதல், மனித உரிமைகளுக்கென்றே ஓர் அனைத்துலகத் திரைப்பட விழா ஆண்டுதோறும் நடந்து வருகிறது. அதனை மார்ச்சுத் திங்களில் நடத்துவது தற்செயலன்று. ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை மன்றம் அதே நகரில் தன் முதன்மைக் கூட்டத்தொடரை நடத்துவதும் அக்காலத்தில்தான். அரசுகளின் பேராளர்கள் ஓர் அவையில் அமர்ந்திருக்க, அவ்வரசுகளின் கீழ்த் துன்புற்றோரின் வாழ்வு, அதே நகரின் வேறோர் அரங்கில் வெள்ளைத் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

'ஒரு படம், ஒரு பொருள், ஒரு விவாதம்' என்பது அவ்விழாவின் கொள்கை. படம் முடிந்ததும் அவையோர் கலைந்து போவதில்லை. படத்தை எடுத்தவரும், சட்டம் அறிந்தவரும், சில வேளைகளில் அத்துன்பத்தை நேரில் அனுபவித்தவரும் மேடையேறுவர். பார்த்தவர்கள் வினா எழுப்புவர்.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். மனித உரிமை மன்றத்தின் நடைமுறையை நோக்கினால் விளங்கும். அங்கே பேசும் தகுதி பெற்ற அமைப்புக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடங்களே. நேரம் கடந்தால் ஒலிவாங்கி அணைந்துவிடும். அந்தத் தகுதியும் எளிதில் கிட்டுவதன்று. நம் மக்களுக்காக உலக அளவில் குரல் கொடுக்கும் அனைத்துலகத் தலித் ஒருமைப்பாட்டு இணையம், ஐ.நா.வின் ஆலோசனைத் தகுதி வேண்டி விண்ணப்பித்துவிட்டு ஏறத்தாழ 15 ஆண்டுகள் காத்துக் கிடந்தது. இந்தியாவின் தரப்பிலிருந்து வினாமேல் வினா தொடுக்கப்பட்டதால் விண்ணப்பம் தள்ளிவைக்கப்பட்டே வந்தது. 2022 டிசம்பரில்தான் தகுதி கிட்டியது. சாதி என்பது இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கைக்குள் வாராது என்று நம் அரசு வாதிட்டதையும் இங்கே நினைவுகூர்கிறோம். பிறப்புவழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று அவ்வுடன்படிக்கையின் குழு 2002இல் தெளிவுபடுத்தியது.

எனவே ஒன்றரை மணி நேரம் ஓடும் ஒரு படத்தின் மதிப்பை நாம் குறைத்து எண்ணலாகாது. அதனை இடையில் நிறுத்தும் தலைவர் எவரும் அங்கில்லை.

ஆயினும் எங்களுக்கு ஓர் ஐயம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. செல்வம் கொழிக்கும் ஒரு நகரில், தூர தேசத்தாரின் துயரைக் கண்டு கண்கலங்கிவிட்டு, பின்னர் வீட்டுக்குச் சென்று உறங்குவோரும் இருப்பர். நம்மை இரக்கத்துக்குரியவராய் மட்டும் காட்டும் படங்களையும் பார்த்திருக்கிறோம். அவற்றில் நம் மக்கள் அழுவர். விளக்கம் சொல்பவர் வேறொருவர். அதைக் காட்டிலும் படம் எடுக்காதிருப்பதே நன்று.

2017இல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' அத்தகையதன்று. கையால் மலம் அள்ளும் பணியைத் தடை செய்த சட்டம் 2013இலேயே வந்துவிட்ட பின்னும் அப்பணி தொடர்வதை, அதைச் செய்வோரே அப்படத்தில் தம் வாயால் சொல்கின்றனர். தமிழகத்தில் பல இடங்களில் அதனைத் திரையிட அனுமதி மறுக்கப்பட்டது. பின்னர் இணையத்தின் வழியே அது மக்களை அடைந்தது. திரையிடக்கூடாது என்று தடுத்தவர்களுக்கு, திரையின் வலிமை நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது போலும்.

இன்று மாலை ஆறரை மணிக்கு அந்தப் படத்தையே நம் கழகக் கூடத்தில் திரையிடுகிறோம். படம் முடிந்ததும் எவரும் எழுந்து போக வேண்டா. துப்புரவுப் பணியிலிருக்கும் நம் உறுப்பினர்கள் முதலில் பேசுவார்கள். நாங்கள் உட்பட மற்றவர்கள் அதன் பின்னரே. அவர்களுக்குக் கால வரம்பு ஏதும் வைக்கவில்லை. பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.