நோயாளியின் பக்கத்திலிருந்து பரிவு
(கட்சிக் கிளை வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மருத்துவத்தில் பரிவு என்றதும் மருத்துவரின் குணத்தையே பேசிப் பழகிவிட்டோம். இன்று அதை நோயாளியின் பக்கத்திலிருந்து பார்க்க விழைகிறேன்.

தில்லியில் ஓர் அரசு மருத்துவமனைக்கு, தமிழ் மட்டுமே அறிந்த முதிய வீட்டுப் பணியாளர் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளனாகச் சென்றேன். மருத்துவர் இரண்டு நிமிடங்கள் பேசினார். கடுமை ஏதுமில்லை, ஆனால் வெளியே வரிசை நீண்டிருந்தது. அவர் கூறியதைத் தமிழில் சொன்னபோது அந்த அம்மா, "மூணு மாசமா மாத்திரை சாப்பிடுறேன் தம்பி. என்ன நோயின்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார்.

அவருக்குத் தேவைப்பட்டது அனுதாபம் அன்று. தன் நோயைத் தன் மொழியில் அறிதல், கேள்வி கேட்க நேரம், வலிக்கிறது என்றால் நம்பப்படுதல் ஆகியவையே. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் முன்வைத்த நோயாளர் உரிமைச் சாசன வரைவு 17 உரிமைகளைப் பட்டியலிட்டது. தகவலும் மாண்பும் அவற்றுள் அடங்கும். எனவே பரிவு சலுகையன்று, உரிமை.

தனிமனித நல்லெண்ணம் மட்டும் இவ்வுரிமையைத் தந்துவிடாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திற்குப் பின், புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. தடுத்தது எவருடைய கல்நெஞ்சமும் அன்று, அடுக்கடுக்கான உரிமங்கள். 2014இல் சட்டத்தைத் திருத்திய பின்னரே வழி எளிதாயிற்று.

கேரளம் மாற்று வழியொன்றைக் காட்டியது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புப் பணி, மலப்புறத்தில் அக்கம்பக்கத்தார் வலையமைப்பாக வளர்ந்தது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீடு தேடிச் சென்றனர். புண்ணுக்கு மருந்திட்டதோடு, வீட்டில் அரிசி உண்டா, பிள்ளைகள் பள்ளி செல்கின்றனரா என்றும் கேட்டனர். 2008இல் மாநில அரசு இதற்கெனக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகளிடம் பொறுப்பளித்தது.

ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டு நலக் கொள்கையோ, பொதுச் சுகாதாரச் செலவை 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாகக் கூறியது. அவ்விலக்கு நிறைவேறவில்லை. இரட்டைப் பணிநேரம் பார்க்கும் ஒப்பந்தச் செவிலியரிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகுமா? அவருடைய பணி நிரந்தரக் கோரிக்கை நோயாளியின் கோரிக்கையும் ஆகும்.

தோழர்களே, நம் பகுதியில் மருத்துவமனைக்குத் தனியே செல்பவர் யார் என்று கிளைதோறும் கேட்டறிவோம். உடன் செல்வோம். அவர் தம் நோயின் பெயரை அறியாமல் வீடு திரும்பக் கூடாது. அங்கிருந்து நம் பணி தொடங்கட்டும்.