ரோஸ் அடுக்கு, பச்சை அடுக்கு



டிசம்பர் 20ஆம் திகதி தாண்டினால், திருகோணமலைப் பட்டினத்தில் பின்னேரம் எந்த ஒழுங்கையால் நடந்தாலும் வனிலா வாசம் வரும். மேலே மாரி மழை, கீழே சேறு, கடற்பக்கமிருந்து வாடைக்காற்று. அதற்குள்ளும் ஏதோ ஒரு குசினியில் பட்டரும் சீனியும் அடிபடுகிற சத்தம் கேட்கும். எந்த வீடு என்று தேடவே தேவையில்லை. படலையில் பிள்ளைகள் கூடி நிற்கிற வீடுதான். கேக்கை வெட்டும்போது கழிக்கிற ஓரத் துண்டுகளுக்காக நிற்கிறார்கள்.

நான் பேச வந்தது ரிபன் கேக்கைப் பற்றி. நத்தார் என்றால் பெரியவர்களுக்கு ரிச் கேக்தான் கேக். ரவையும் கஜுவும் பூசணிப்பாகும் போட்டு, முன்கூட்டியே செய்து, சின்னத் துண்டுகளாகக் கடதாசியில் சுற்றி வைப்பார்கள். அதற்கு மரியாதை உண்டு. ஒரு துண்டுக்கு மேல் கேட்கவும் வெட்கமாக இருக்கும். ரிபன் கேக்குக்கு அந்த மரியாதை கிடையாது. அது பிள்ளைகளின் கேக். ஒரு ரோஸ் அடுக்கு, ஒரு பச்சை அடுக்கு, கை வசதியைப் பொறுத்து ஒரு மஞ்சள் அல்லது வெள்ளை, இடையில் பட்டர் ஐசிங். வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால், பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளையின் தலை ரிபனை மடித்து அடுக்கியது மாதிரி இருக்கும்.

இதில் ஒரு விஷயம். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் எது ரோஸ், எது பச்சை என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லா அடுக்கும் ஒரே கலவை, ஒரே வனிலா. என்னுடைய தம்பி மட்டும் ரோஸ் அடுக்குத்தான் இனிப்பு என்று சாதிப்பான். இப்போது அவனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறான்.

எங்கள் வீட்டுக்கு இந்தக் கேக் வந்தது வேலிக்கு மேலால். பக்கத்து வீட்டில் ஒரு பறங்கி அன்ரி இருந்தா. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பறங்கியர் வீடுகளில் பழைய போர்த்துக்கேயக் கிரியோல் பேச்சு இருந்தது. அன்ரி தன் தாயோடு அதில்தான் கதைப்பா. எங்களோடு தமிழ். யோசித்துப் பார்த்தால் நாங்களும் பாதி அந்தப் பாஷைதான் பேசிக்கொண்டிருந்தோம். குசினி என்கிறோம், பாண் என்கிறோம், பாண் சுடுகிற போறணை என்கிறோம், நத்தார் என்கிறோம். எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போன சொற்கள். கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியவர்கள், போகும்போது சமையலறைக்குப் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆனால் ரிபன் கேக்கின் அடி போர்த்துக்கேயம் அல்ல, இங்கிலீசு. அவர்களுடைய பவுண்ட் கேக் கணக்குத்தான் இது. அன்ரி சொல்லித் தந்த அளவை அம்மா ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தா: மா ஒரு இறாத்தல், சீனி ஒரு இறாத்தல், பட்டர் ஒரு இறாத்தல், முட்டை பத்து. பத்து முட்டையை உடைத்து ஊற்றினால் அதுவும் ஏறக்குறைய ஒரு இறாத்தல்தான். இறாத்தல் என்கிற அளவு இன்றைக்குப் பாணில் மட்டும் மிஞ்சியிருக்கிறது, 450 கிராம். கேக்குக்கு இப்போது எல்லாரும் 500 கிராம் போடுகிறார்கள், கணக்குச் சுலபம் என்று.

அந்த நாலு சாமானையும் கொஞ்சம் பார்ப்போம். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. தானியம் கப்பலில் எங்களுடைய துறைமுகத்துக்குள்ளேயே வருகிறது. 1977இல் அரசாங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி சீனக்குடாவில் ப்ரிமா மா ஆலை எழும்பி, 1980இல் அரைக்கத் தொடங்கியது. தண்ணீருக்கு அப்பால் அந்த ஆலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சீனிக்கும் ஒரு கதை இருக்கிறது. இதே மாவட்டத்தில், கந்தளாயில், கரும்புத் தோட்டமும் சீனி ஆலையும் இருந்தன. 1990களில் ஆலை மூடிப்போனது. இப்போது கேக்குக்குப் போடுகிற சீனியும் பெரும்பாலும் கப்பல் சீனிதான்.

பட்டர் என்று வாயால் சொல்வோம். தட்டில் விழுவது மாஜரீன். ஆஸ்ட்ரா என்றால் கடைக்காரருக்கு விளங்கும். வெளிநாட்டு ரின் பட்டர் வாங்குகிற வீடுகளும் இருந்தன, எங்கள் வீடு அதில்லை. மாஜரீனைக் குறைவாகப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிரான்சில் மூன்றாம் நெப்போலியன், தன்னுடைய கடற்படைக்கும் ஏழை எளியவர்களுக்கும் மலிவான, கெடாத பட்டர் வேண்டும் என்று கேட்க, மேஜ் மூரியே என்கிற இரசாயன அறிஞர் 1869இல் கண்டுபிடித்தது அது. கடற்படைக்காகப் பிறந்த சாமான் கடற்படைத் துறைமுகத்தில் கேக்காகிறது என்றால், அது சரியான இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. பிரித்தானியர் 1957இல் இங்கே கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறினார்கள். பவுண்ட் கேக் கப்பலேறவில்லை.

முட்டை மட்டும் ஊர் முட்டை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

நிறத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். 1856இல் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்கிற 18 வயதுப் பையன், மலேரியாவுக்குக் குயினைன் மருந்து செய்யப் பார்த்து, நிலக்கரித் தாரிலிருந்து ஊதா நிறச் சாயத்தை எடுத்துவிட்டான். அது துணிச் சாயம். அதற்குப் பின்னால் வரிசையாக வந்த செயற்கை நிறங்களில் சில, சாப்பாட்டுக்குள்ளும் நுழைந்தன. எங்கள் ஊர்க் கடையில் விரலளவுப் போத்தலில் கலறிங் என்று வாங்குகிறோமே, அதன் மூதாதை அந்தப் பையனுடைய பிழைபோன மருந்துதான்.

கலறிங் விஷயத்தில் எனக்குக் கண்டிப்பான அபிப்பிராயம் ஒன்று உண்டு. இப்போது சில கேக்குகளைப் பார்த்தால் வீதிச் சமிக்ஞை விளக்கு மாதிரி இருக்கின்றன. சாப்பிட்ட பிள்ளையின் நாக்கைப் பார்த்துத் தாய் பயப்படுகிறா. ரோஸ் என்றால் வெளிறிய ரோஸ். பச்சை என்றால் வாழைக் குருத்தை வெயிலில் பிடித்துப் பார்த்த பச்சை. அன்ரி போத்தலைச் சரிக்கவே மாட்டா. ஒரு ஈர்க்கை உள்ளே விட்டு, நுனியில் பிடித்ததைக் கலவையில் தொட்டுவிடுவா. காணாவிட்டால் இன்னொரு தொடுகை. நிறம் கூடினால் கசக்கவும் செய்யும்.

செய்முறையில் பாதி வேலை அடிப்பதில்தான். அன்ரி இயந்திரம் வைத்திருக்கவில்லை, அகப்பையும் எடுக்கமாட்டா. பெரிய தாச்சியில் மாஜரீனையும் சீனியையும் போட்டு, உள்ளங்கையால் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பா. முதலில் கையில் சீனி நறநறக்கும். பத்து நிமிடத்தில் அந்த நறநறப்பு மெல்லக் குறையும். மஞ்சள் வெளிறும். கால் மணி, அரை மணி போகப் போக, பஞ்சு மாதிரி உப்பி வெள்ளையாகும். அப்போது ஒரு சொட்டை எடுத்துக் கோப்பைத் தண்ணீரில் விடுவா. அமிழ்ந்தால் இன்னும் அடிக்க வேண்டும். மிதந்தால் காணும்.

மிதப்பதற்குக் காரணம் உள்ளே அடைபட்ட காற்று. பேக்கிங் பவுடர்தான் கேக்கை எழுப்புகிறது என்று நினைக்கிறோம். அது புதிதாகக் குமிழ் உண்டாக்குவதில்லை. நாங்கள் அடித்து ஏற்றிய குமிழ்களைத்தான் சூட்டில் ஊதிப் பெருப்பிக்கிறது. அடிக்காமல் பவுடரைக் கூட்டிப் போட்டால் நடுவில் பொங்கி, வெடித்து, பிறகு பள்ளம் விழும். முட்டையும் அப்படித்தான். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு உடைத்து ஊற்றினால் கலவை திரைந்துவிடும். “பிள்ளை, முட்டையை அவசரப்படுத்தாதே. ஒண்டு போய்ச் சேர்ந்த பிறகு மற்றதை விடு” என்பா அன்ரி. மா போட்ட பிறகு நேர் எதிர். அதற்குப் பிறகு அடிக்கவே கூடாது, மெல்லப் புரட்டி எடுக்க வேண்டும். அடித்தால் மா இழுபட்டுக் கேக் பாணாகிவிடும்.

கலவையைப் பங்கு பிரிப்பது அகப்பைக் கணக்கில். இதற்கு எட்டு, அதற்கு எட்டு. அதில் ஏமாற்றினால் ஒரு அடுக்கு தடித்து மற்றது மெலிந்து நிற்கும். வெட்டும்போது ஊருக்கே தெரிந்துவிடும்.

அவண் எங்களிடம் இருக்கவில்லை. அடித்த கலவையைத் தட்டுகளில் ஊற்றி, தலையில் வைத்து, பேக்கரிக்குக் கொண்டு போவோம். பாண் சுட்டு முடிந்த போறணையில் சூடு இறங்கிக்கொண்டிருக்கும்; கேக்குக்கு அந்தச் சூடு போதும். நத்தாருக்கு முதல் இரண்டு நாளும் வாசலில் தட்டுகள் வரிசை கட்டும். மாறிப்போகாமல் இருக்க அம்மா எங்கள் தட்டின் விளிம்பில் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தா. ஊரில் பல அம்மாக்களுக்கும் அதே யோசனை வந்திருக்கிறது. ஒரு வருஷம் எங்கள் பச்சைத் தட்டுக்குப் பதிலாக யாருடையதோ மஞ்சள் தட்டு வந்தது. மூன்று அடுக்கும் நல்லாய் இருக்கிறதே என்று பூசி ஒட்டிச் சாப்பிட்டுவிட்டோம். தைப்பொங்கலுக்குப் பிறகுதான் தெரிந்தது, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் இரண்டு பச்சை அடுக்கோடு நத்தார் முடிந்திருக்கிறது.

போறணைக்குப் போக முடியாத நாட்களும் இருந்தன. ஊரடங்கு என்றால் வெளியே போக ஏலாது. அப்போது பெரிய தாச்சிக்குள் மணல் பரப்பி, தட்டை வைத்து மூடி, கீழே அடுப்பு, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல். மேலும் கீழும் நெருப்பு. வெந்ததா என்று பார்க்க நடுவில் ஈர்க்குக் குத்த வேண்டும். ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். 2022இல் எரிவாயு இல்லை, மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அந்த வருஷம் சித்திரைக்கு என் மகள் சிரட்டைத் தணலில்தான் கேக் சுட்டாள். அடி கொஞ்சம் கருகியது. அதைச் சீவி எறிந்துவிட்டு ஐசிங் பூசினால் யாருக்குத் தெரியும்?

சித்திரை என்றேன். ஆம், இது நத்தாரோடு நிற்கிற கேக் அல்ல. சித்திரை வருஷத்துக்குப் பலகாரத்தோடு வைக்கிறோம், சிங்கள வீடுகளில் கொக்கிசுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள், பெருநாளுக்கு முஸ்லிம் வீடுகளில் வட்டிலப்பத்தோடு வைக்கிறார்கள். ஆனால் டிசம்பர்க் கேக்கும் சித்திரைக் கேக்கும் ஒரே கை செய்தாலும் ஒன்றல்ல. மாரியில் ஐசிங் சீனி ஈரத்தில் கட்டிபடும், இரண்டு தரம் அரிக்க வேண்டும். சித்திரையில் வேறு கரைச்சல். பட்டர் 32 பாகை தாண்டினால் உருகத் தொடங்கும். எங்கள் ஊர்ச் சித்திரை மத்தியானம் அதைச் சுலபமாகத் தாண்டும். பூசி வைத்த ஐசிங் இளகி, மேலடுக்கு தோணி மாதிரி ஒரு பக்கம் சரியும். ஒரு முறை ஈர்க்குகளைக் குத்தி நிறுத்தி வைத்தோம், வந்த மாமா ஒரு ஈர்க்கைக் கடித்துவிட்டார். வெயிலுக்கு ஐசிங் வேண்டாம், அன்னாசி ஜாம் பூசுங்கள்.

எங்கள் அம்மம்மா கேக்குக்கு எதிரியல்ல. ஆனால் மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் அவ விரதம். சில வருஷங்களில் அந்தப் பத்து நாளும் நத்தாரும் ஒன்றாக வந்துவிடும். அன்ரி வீட்டுத் தட்டு வந்தால், அதில் முட்டை இருக்கிறதே, தொடமாட்டா. வேண்டாம் என்று திருப்பி அனுப்பவும் மாட்டா. தன்னுடைய பங்கை ரின்னில் போட்டு மூடி, அலுமாரியில் வைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வா. திருவாதிரை முடிந்து அடுத்த நாள் ரின் திறக்கும். கேக் கொஞ்சம் காய்ந்திருக்கும். தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடுவா, முதலில் பச்சை, பிறகு ரோஸ்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, நத்தார்க் கேக் இன்னும் மேசையில் இருந்தது. உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று சுனாமி அலை அடித்த கரைகளிலிருந்து நனைந்த உடுப்போடு சனம் மேட்டுப் பக்கம் ஓடி வந்தது. எங்கள் விறாந்தையில் வந்து நின்ற பிள்ளைகளுக்குக் கொடுக்க உடனே கைக்குக் கிடைத்தது அந்தக் கேக்தான். ஒரு சின்னப் பெடியன் வாயில் வைக்காமல், துண்டைப் பொத்திப் பிடித்துக்கொண்டே இருந்தான். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி இன்றைக்கு நான் பேசவில்லை.

அன்ரி குடும்பம் பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. போகும்போது அவவுடைய நீலக்கரைப் பீங்கான் தட்டு ஒன்று எங்கள் வீட்டில் நின்றுபோயிற்று. எங்கள் பக்கத்தில் பலகாரத் தட்டைச் சும்மா திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லை, ஏதாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அம்மா இன்றைக்கு, நாளைக்கு என்று வைத்துக்கொண்டிருக்க, அவர்கள் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அந்தத் தட்டு எங்கள் ஒழுங்கைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த வருஷம் தீபாவளிக்கு ரிபன் கேக் வைத்து எதிர்வீட்டுக்கு அனுப்பினேன். புதிதாகக் குடிவந்த முஸ்லிம் குடும்பம், இளம் பிள்ளை, இரண்டு சின்னக் குழந்தைகள். சாப்பிட்டுவிட்டு, ரோசுக்கு எவ்வளவு கலறிங் போட்டனீங்கள் என்று வேலியடியில் வந்து கேட்டா. ஈர்க்கைக் காட்டினேன்.

நேற்றுப் பின்னேரம் படலையில் கண்டபோது, “அக்கா, உங்கட தட்டு இன்னும் எங்கட வீட்டிலதான் இருக்கு” என்றா.

“இருக்கட்டும் பிள்ளை, அவசரமில்லை” என்றேன். அவவுடைய குசினிப் பக்கமிருந்து வனிலா வாசம் வந்துகொண்டிருந்தது.