உடனுறைதல்

தமிழில் குடியிருத்தல் வேறு, வாழ்தல் வேறு. அரசாங்கக் குடியிருப்பில் நாம் பலர் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். மாறுதல் உத்தரவு எப்போது வரும் என்று நாள் எண்ணுகிறோம். ஆனால் மணமான பெண்ணைப் பற்றிப் பேசும்போது, இன்ன ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்கிறோம். அவ்வூரின் தண்ணீரும் பேச்சும் துக்கமும் இனி அவளுடையவை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இச்சொல்லுக்கு நிகரான சொல் பிற மொழியில் எளிதில் அகப்படவில்லை.

அவ்வாறு கார் நிக்கோபாரில் வாழ்க்கைப்பட்ட தமிழர் ஒருவர் உண்டு. வேதப்பன் சாலமோன் என்பது அவர் பெயர். 1890-களின் நடுவில் அவர் மூஸ் என்னும் கிராமத்தில் உபதேசியாராகவும் ஆசிரியராகவும் அமர்ந்தார். அரசாங்கத்தின் முகவரும் அவரே. அதிகாரமும் ஊழியமும் ஒரே கையில் இருப்பது நல்லதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எனினும் அவர் நாள்தோறும் எழுதிவந்த குறிப்புகள் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதைக் காட்டுகின்றன. அவற்றின் பகுதிகளைத் தலைமை ஆணையர் ரிச்சர்ட் டெம்பிள் பின்னர் வெளியிட்டார். பேயின் ஏவலாள் என்று ஐயுற்று மனிதரைக் கொல்லும் வழக்கம் அன்று அங்கே இருந்தது. அதைக் கண்டு அவர் ஊரைவிட்டு அகன்றாரில்லை. அவ்வூர்ச் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தார். அவர்களுள் ஒருவனைப் படிப்பதற்காகப் பர்மாவிலுள்ள மாந்தளைக்கு அனுப்பினார். அச்சிறுவனே பிற்காலத்தில் பேராயரான ஜான் ரிச்சர்ட்சன். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பில் அவர் சிறையுண்டார். 1952-இல் முதல் மக்களவையின் நியமன உறுப்பினரானார். புதிய ஏற்பாட்டைத் தம் மக்களின் மொழியில் தந்தார்.

வார்த்தை மாம்சமாயிற்று என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுநாடி. இயேசு போதித்த காலம் மூன்றாண்டு என்பர்; அதற்குமுன் ஏறக்குறைய முப்பதாண்டு நாசரேத்தில் தச்சர் வீட்டில் ஊராரோடு ஊராராக இருந்தார். சுவிசேஷங்கள் இம்முப்பதாண்டைப் பற்றி மிகச் சிறிதே சொல்கின்றன. நாமும் அதை விரைந்து கடந்துவிடுகிறோம். எனக்கோ சாலமோனை விளக்குவது அம்முப்பதாண்டே.

அன்பு என்று சொல்லி அழையாத வீட்டினுள் புகுவதும் உடனுறைதல் ஆகாது. 2018 நவம்பரில் வட சென்டினல் தீவில் மதம் பரப்பச் சென்ற அமெரிக்க இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அத்தீவினர் தம்மைத் தனியே விடும்படி நெடுங்காலமாக அம்பினால் சொல்லி வருகிறவர்கள். அச்சொல்லைக் கேட்டு விலகி நிற்பதே அவர்களுடன் வாழும் முறை.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களை அழித்தது. அங்கே நிலமும் தென்னையும் 'துகேத்' என்னும் கூட்டுக் குடும்பத்தின் பொதுவுடைமை. நிவாரணமோ தனித்தனிச் சிறு குடும்பங்களைக் கணக்கிட்டு வந்தது. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் ஒரே உலையில் உண்ட உறவினரிடையே, இது எவருடைய பங்கு என்ற பேச்சு அதன்பின் எழுந்தது.