80 கிலோமீட்டர் ஒளி, 2 கிலோமீட்டர் தூரம்

நெட்வொர்க் ஸ்விட்ச்சின் முகப்பில் சிறு பொந்துகள் வரிசையாக இருக்கும். அவற்றில் செருகும் விரல் நீளத் துண்டுதான் எஸ்.எஃப்.பி. மாட்யூல். மின்குறியை ஒளியாக்கி ஃபைபரில் அனுப்பும். வரும் ஒளியை மறுபடி மின்குறியாக்கும்.

வாங்கப் போகிறவர்கள் வேகத்தைக் கேட்பார்கள், பிறகு விலையை. ஏற்கெனவே பதித்திருக்கும் ஃபைபர் எந்த வகை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மஞ்சள் உறை பெரும்பாலும் சிங்கிள் மோட். பச்சை கலந்த இளநீலம் என்றால் மல்டி மோட்.

10 கிகாபிட் வேகத்துக்கு எஸ்.ஆர். மாட்யூல், ஓ.எம்.3 வகை மல்டி மோட் ஃபைபரில் 300 மீட்டர் போகும். எல்.ஆர்., சிங்கிள் மோடில் 10 கிலோமீட்டர். இ.ஆர். 40, இசட்.ஆர். 80. ஒரே ரேக்குக்குள் இணைப்பதானால் இவை எதுவுமே வேண்டாம். இருமுனையிலும் பிளக் பொருத்தி வரும் செம்புக் கேபிளே போதும், விலையும் குறைவு.

'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரிதாக வாங்குவதில்தான் வம்பு. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 2 கிலோமீட்டர் ஃபைபர். அதில் 80 கிலோமீட்டர் மாட்யூலை மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 0 முதல் 4 டி.பி.எம். (ஒளியின் திறனை அளக்கும் அலகு) வரை ஒளியை உமிழும். அந்தத் தூரத்தில் அரை டெசிபல் அளவுக்குத்தான் தேயும். எதிர்முனையோ மைனஸ் 7-க்கு மேல் தாங்காது. பிழைகள் கொட்டும், ரிசீவரே பழுதாகலாம். நடுவில் அட்டென்யுவேட்டர் போட்டு, காசு கொடுத்து வாங்கிய ஒளியைக் காசு கொடுத்தே குறைக்க வேண்டும்! அங்கே எல்.ஆர். தாராளம்.

ஒற்றை இழையிலேயே இருபுறமும் பேசும் 'பைடி' மாட்யூலை ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒன்று 1270 நானோமீட்டரில் அனுப்பி 1330-இல் வாங்கினால், மற்றது நேரெதிர். விலைப்பட்டியலில் ஒரே எண்ணைப் போட்டு இரண்டு வாங்கினால் இணைப்பு வராது.

இன்னொரு தொல்லை, பிராண்டு. மாட்யூலுக்குள் இருக்கும் நினைவகச் சில்லு தயாரிப்பாளர் பெயரைச் சொல்லும்; வேற்றுப் பெயர் என்றால் சில ஸ்விட்சுகள் போர்ட்டையே முடக்கிவிடும். வெளிக் கம்பெனி மாட்யூல் மலிவுதான். ஆனால் தங்கள் ஸ்விட்ச் மாடலைச் சொல்லி, அதற்கேற்ற கோடிங்கோடு கேட்டு வாங்குவது நல்லது.

மாட்டியபின் ஸ்விட்ச்சிலேயே வரும் ஒளியின் அளவைப் பார்க்கலாம். எல்.ஆருக்குக் கீழ்வரம்பு மைனஸ் 14.4 டி.பி.எம். அதை நெருங்கினால், மாட்யூலைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பும்முன் கனெக்டர் முனையைத் துடைத்துப் பார்க்கலாம். 9 மைக்ரான் அகலமே உள்ள ஒளிப்பாதையை ஒரு தூசு மறைத்துவிடும். முனையைக் கண்ணருகே வைத்துச் சோதிப்பது மட்டும் கூடாது: அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.