இருவர் ஏறிய வண்டி

மோட்டார் சைக்கிளில் கணவனும் மனைவியும் சேர்ந்து வாரக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், நாடு நாடாகப் போய்வருவது நூறு ஆண்டை நெருங்கும் ஒரு வழக்கம். வேகப் பந்தயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டை இரண்டு மூன்று பெட்டிக்குள் அடக்கிக்கொண்டு, அன்றாட வாழ்க்கையையே சாலைக்கு மாற்றிக்கொள்வதுதான் இதன் இயல்பு. சமையல், துணி துவைப்பது, வண்டிப் பராமரிப்பு, செலவுக் கணக்கு எல்லாமே போகிற போக்கில் நடந்தாக வேண்டும். இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பவரின் திறமையை மட்டும் பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. பின்சீட்டில் இருப்பவரின் உழைப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கலையின் முழு அளவு தெரியும்.

முன்னோடிகளில் ஒரு ஜோடி போலந்து நாட்டைச் சேர்ந்தது. 1934 ஆகஸ்டில் ஸ்தானிஸ்வாவ் புயகோவ்ஸ்கியும் அவர் மனைவி ஹலினாவும் சைடு கார் பூட்டிய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளில் போலந்திலிருந்து கிளம்பினார்கள். துருக்கி, ஈராக், ஈரான், இந்தியா, பர்மா வழியாகச் சுமார் 24,000 கிலோமீட்டர் கடந்து 1936இல் ஷாங்காய் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பயணம் இன்று நமக்குத் தெரிய வந்திருப்பதற்குக் காரணம் ஹலினாவின் குறிப்புகள்தான். அவை 2011இல் போலந்தில் நூலாக வெளிவந்தன. வண்டி ஓட்டியது ஒருவர். பயணத்தை வரலாறாக்கியது இன்னொருவர்.

கனடாவைச் சேர்ந்த கிராண்ட் ஜான்சன், சூசன் ஜான்சன் தம்பதி 1987இல் ஒரே பி.எம்.டபிள்யூ. வண்டியில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். தாங்கள் கற்றதைப் பிறருக்குச் சொல்லித்தர அவர்கள் தொடங்கிய ஹொரைசன்ஸ் அன்லிமிடெட் அமைப்பு, பல நாடுகளில் பயணிகளின் சந்திப்புகளை நடத்தி வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பீட்டர் ஃபார்வுட், கே ஃபார்வுட் தம்பதி 1996இல் ஒரு ஹார்லி டேவிட்சனில் பயணத்தைத் தொடங்கினார்கள். அந்த ஒரே வண்டி 190க்கும் மேற்பட்ட நாடுகளின் மண்ணைத் தொட்டது. 2003இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட சைமன் தாமஸும் லிசா தாமஸும் ஆளுக்கொரு பி.எம்.டபிள்யூ. வண்டியில் போனார்கள். பதினெட்டு மாதம் என்று போட்ட திட்டம் பல ஆண்டுகளாக நீண்டது.

ஒரே வண்டியா, இரண்டு வண்டியா என்பதுதான் தம்பதியர் எடுக்கும் முதல் முடிவு. இரண்டு வண்டி என்றால் ஒன்று பழுதானாலும் மற்றதில் போய் உதவி கேட்கலாம்; மணலிலும் சேற்றிலும் பாரம் குறைவாக இருக்கும். ஆனால் பெட்ரோல், டயர், கப்பல் கட்டணம், எல்லைக் காகிதங்கள் எல்லாம் இரட்டிப்பாகும். ஒரே வண்டி என்றால் செலவு குறையும், பேச்சுத் துணை கூடவே இருக்கும். அதற்கு ஈடாக, இரண்டு உடல்கள் ஒரே அசைவுக்குப் பழக வேண்டும்.

அந்தப் பழக்கம் வண்டியில் ஏறுவதிலேயே தொடங்குகிறது. ஓட்டுபவர் முதலில் ஏறி, வண்டியை நிமிர்த்தி, இரண்டு காலையும் அகலமாக ஊன்றி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொள்கிறார். பிறகு தலையசைக்கிறார். பின்னால் ஏறுபவர் அவர் தோளில் கை வைத்து, இடது காலைப் படியில் வைத்து, உடலை வண்டியின் நடுப்பக்கமாகச் சாய்த்தபடி வலது காலைச் சீட்டுக்கும் பின்பெட்டிக்கும் இடையே நுழைத்து மறுபக்கம் போடுகிறார். சக்கரத்தின் இருபுறமும் பெட்டி, பின்னால் ஒரு பெட்டி என்றிருக்கும் வண்டியில் இந்த ஒரு அசைவுக்கே பயிற்சி வேண்டும். உட்கார்ந்தபின் தோளில் இரண்டு தட்டு. அதற்குப் பிறகே கிளட்ச் விடப்படும். தலையசைப்பு இல்லாமல் ஏறினாலோ, தட்டு இல்லாமல் கிளம்பினாலோ, நின்ற இடத்திலேயே வண்டி சாய்ந்துவிடக்கூடும். நம் ஊர்களில் புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து போவது கடைத்தெருவுக்குச் சரிப்படும். நெடும்பயணத்தில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால்தான் பாரம் நடுவில் நிற்கும்.

ஓடும்போது நடப்பது இயற்பியல். பின்சீட்டு ஏறத்தாழ பின்சக்கரத்தின் மேலேயே இருப்பதால், ஆள் ஏறியதும் முன்சக்கரத்தின் பிடி சற்றுத் தளர்கிறது; ஹெட்லைட்டின் ஒளி மேலே தூக்கி, எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது. ஆகவே பின்பக்க ஷாக் அப்சார்பரை இறுக்கி வைக்க வேண்டும்; இருவர் ஏறும்போது டயரில் இருக்க வேண்டிய காற்றழுத்தத்தை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவர் முன்னால் சரிய, இரண்டு ஹெல்மெட்டும் முட்டிக்கொள்ளும். முட்டாமல் ஓட்டுவது ஓட்டுபவரின் தேர்ச்சிக்கு அளவுகோல். வளைவில் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ, ஓட்டுபவரின் அந்தப் பக்கத் தோளுக்கு மேலாகப் பின்னால் இருப்பவர் பார்க்கிறார். தலை அங்கே போனால் உடலின் பாரமும் தானாகப் போகும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி வளைவை விட்டு வெளியே இழுக்கும்.

மூட்டை கட்டுவதில் நெடுநாள் பயணிகளின் விதி எளியது: கனமான பொருள் கீழே, வண்டியின் நடுவுக்குப் பக்கத்தில். ஸ்பானர்கள், பஞ்சர் ஒட்டும் சாமான், டியூப், தண்ணீர் ஆகியவை பக்கப்பெட்டியின் அடியில் போகும். தூங்கும் பையும் உடுப்பும் மேலே போகும். மழைச்சட்டை கைக்கு முதலில் எட்டும் இடத்தில் இருக்கும். ஆளுக்கு இரண்டு மூன்று செட் துணி போதும். மாலையில் துவைத்தால் காலைக்குள் காயும் துணியாக இருக்க வேண்டும். ஹெல்மெட், கையுறை, முட்டிக்காப்பு ஆகியவற்றில் முன்னால் இருப்பவருக்கு நல்லது, பின்னால் இருப்பவருக்கு ஏதோ ஒன்று என்ற பாகுபாடு கூடாது. விழும்போது தரை இருவருக்கும் ஒன்றுதான்.

ஒரு நாளின் ஒழுங்கும் இருவருக்கிடையே பங்கிடப்படுகிறது. காலையில் டயர் சூடேறும் முன் ஒருவர் காற்றழுத்தம் பார்க்கிறார். மற்றவர் கூடாரத்தை மடிக்கிறார். சாலையில் ஒருவர் ஓட்ட, மற்றவர் வழி பார்க்கிறார், படம் எடுக்கிறார், பெட்ரோல் கணக்கு வைக்கிறார், பின்னால் வரும் லாரியைக் கவனித்துச் சொல்கிறார். ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் புளூடூத் கருவி வந்தபின் பேச்சு எளிதாகிவிட்டது. அதற்கு முன், ஓடும்போது தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு என்றால் நிறுத்து என்பதுபோல ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக் குறியீடு இருந்தது. மாலையில் வண்டி நின்றதும் செயின் சூடாக இருக்கும்போதே அதற்கு எண்ணெய் போட வேண்டும். சண்டை வருவதும் பெரும்பாலும் பசியும் களைப்பும் சேரும் இந்த வேளையில்தான். களைத்தவர் நிறுத்து என்றால் மறுபேச்சில்லாமல் நிறுத்துவது என்ற ஒரே விதி பல பயணங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

நாட்டு எல்லைகளில் சோதனை காகிதத்துக்கு. ஓட்டுபவருக்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தியாவில் அதை ஆர்.டி.ஓ. அலுவலகம் தருகிறது, ஓராண்டு செல்லும். வண்டிக்குக் கார்னே என்ற சுங்கப் புத்தகம் சில நாடுகளில் கட்டாயம். உள்ளே வரும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. ஒரு முத்திரை விட்டுப்போனாலும், அந்த நாட்டில் வண்டி விற்கப்பட்டதாகக் கருதப்பட்டு வரிக்காக வைத்த பிணைத்தொகை சிக்கலுக்கு உள்ளாகும். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் வண்டியையும் மூட்டையையும் காக்கிறார். தனி ஆளுக்கு வாய்க்காத வசதி இது.

இந்தியத் தம்பதியருக்கு இந்தக் கலையின் பெரிய பள்ளிக்கூடம் மணாலியிலிருந்து லே போகும் சாலை. அங்கே வரிசையாகப் போகும் ராயல் என்ஃபீல்டு புல்லட், ஹிமாலயன் வண்டிகளில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்த பின் திருவொற்றியூர் ஆலையில் புல்லட் உருவாகத் தொடங்கியது. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலைகள் உள்ளன. 2020இல் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை, ரோதாங் கணவாயைச் சுற்றி ஏறும் சிரமத்தைத் தவிர்த்துவிட்டது. ஆனாலும் அதற்கப்பால் பாராலாச்சா லா, தங்லங் லா போன்ற உயரமான கணவாய்கள் இருக்கின்றன. தாண்டி என்ற சிற்றூரில் உள்ள பெட்ரோல் பங்கின் பலகை, அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று எச்சரித்து வந்தது. லிட்டருக்கு 30 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 15 லிட்டர் டேங்க் போதும் என்று காகிதத்தில் தோன்றும். இருவர், மூட்டை, ஏற்றம், முதல் கியர் என்று சேரும்போது அந்தக் கணக்கு தவறும். 5 லிட்டர் கேன் ஒன்று கூடவே போக வேண்டும்.

தங்லங் லாவின் உச்சி 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். எஞ்சின் திணறுவதும் மனிதர் திணறுவதும் ஒரே காரணத்தால். சற்றுத் தாழ்வான கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரவு தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு மேலே ஏறுவதும், 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லேவைச் சேர்ந்ததும் ஓய்வெடுப்பதும் நல்லது. உயரத்தால் வரும் நோயின் அறிகுறிகளான தலைவலி, வாந்தி, பசியின்மை வந்தால் மேலும் ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். இந்த நோயில் பாதிக்கப்பட்டவருக்குத் தன் நிலை தெரியாமல் போவது உண்டு. பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய நடையையும் பேச்சையும் நாள்தோறும் பார்த்துப் பழகியவரைவிட நல்ல காவல் யார்?

ஒரு தம்பதியின் பயணத்தை மதிப்பிடக் கிலோமீட்டரும் கடந்த நாடுகளும் போதாது. பின்னால் இருப்பவர் எத்தனை மணி நேரம் முதுகு வலியில்லாமல் உட்கார்ந்தார், நிறுத்தச் சொன்னபோது வண்டி நின்றதா, இருவரில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மற்றவர் வண்டியை நகர்த்தவும் பஞ்சர் ஒட்டவும் பழகியிருக்கிறாரா, செலவும் வழியும் இருவரும் சேர்ந்து முடிவு செய்தவைதானா என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே உண்மையான அளவு. இவற்றில் தேறிய தம்பதிக்குப் பக்கத்து மாவட்டம் வரை போய்வந்த பயணமும் நிறைவானது. தேறாதவர்களுக்குக் கண்டங்கள் கடந்தாலும் அது ஒருவர் ஓட்ட இன்னொருவர் தாங்கிக்கொண்ட பயணமே. புதிதாகத் தொடங்குபவர்கள் சனி, ஞாயிறில் 100, 150 கிலோமீட்டர் போய்வந்து, ஏறுவது, இறங்குவது, பிரேக், வளைவு, மூட்டை என்று ஒவ்வொன்றையும் இருவருமாகச் சரிபார்த்துக்கொண்டு தூரத்தைக் கூட்டுவது நல்லது.