எம்பிராய்டரி பிரேமை வேகமாத் தள்ளாதீங்க!

(தையல் தொழில் குழுக்களுக்கான பயிற்சியில் பேசியது)

கடன் வாங்கி கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் போட்டிருக்கும் குழுக்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். கரண்ட் இல்லாத நேரத்துல தூசி துடைக்க, துணி மாட்ட பிரேமைக் கையால சர்ருன்னு தள்ளுறோம். "மெஷின்தான் ஆஃப்ல இருக்கே, என்ன ஆகப்போகுது?" என்று கேட்பீங்க.

பழைய சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கா? சக்கரம் சுத்தினா விளக்கு எரியும். வேகமா மிதிச்சா வெளிச்சம் கூடும். இந்த மெஷின்கள் பலவற்றில் பிரேமை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். அதுக்குள்ளயும் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும்தான். கரண்ட் கொடுத்தா அது சுத்தும். நாம சுத்தினா அது கரண்ட் தரும். அந்தக் கரண்ட் வயர் வழியா டிரைவர் போர்டுக்குள்ள போகும். ஆஃப் செய்த மெஷின்ல சின்ன விளக்கு மினுக்கினா இதுதான் காரணம், பேய் இல்லை! மெதுவா நகர்த்தினா பெரும்பாலும் பாதிப்பில்லை. வேகம் கூடக்கூட வோல்டேஜ் ஏறும். போர்டு தாங்கும் அளவைத் தாண்டினா போர்டே போயிடும். அப்புறம் ஆர்டர் நிற்கும், தவணை நிற்காது.

மெஷின் ஆன்ல இருந்தா அம்புக்குறி பட்டனை அழுத்தி நகர்த்துங்க. அப்போ மோட்டார் இறுக்கிப் பிடிச்சிருக்கும். கையால முட்டித் தள்ளினா டிசைன் இடம் மாறிடும். ஆஃப்ல இருந்தா இரண்டு கையால, மெதுவா.

ரொம்ப தூரம் நகர்த்தணும்னா மோட்டார் பிளக்கை மெக்கானிக் கழற்றட்டும். அதுவும் மெயின் ஸ்விட்சை அணைச்சு, போர்டு விளக்கும் அணைந்த பிறகு. கரண்ட் ஓடும்போது பிளக்கைப் பிடுங்கினா டிரைவர் எரிஞ்சு போகலாம்.

ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளைங்க பிரேமைப் பிடிச்சு வண்டி ஓட்டி விளையாடுவாங்க, அதையும் பார்த்துக்கோங்க.